உட்காரலாம் என்று ஒரு சொல்

முதன்முதலாக அவரைப் பார்க்கிறவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். தறிக்குப் பின்னால், பாவு நூலை ஒட்டிய குறுகலான இடத்தில், கால்களை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். உட்காரும் முன் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். பூச்சி பொட்டு இருந்தால் ஓடட்டும் என்பதற்காக என்று சிலர் சொல்வார்கள். அவரையே கேட்டால், "ஒன்றரை நாள் என்னைத் தாங்கணும்ல, தரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். கேட்டவர்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்க வேண்டும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவைப் பிணைப்பது அவர் தொழில். நெய்து முடித்ததும் நெசவாளி பழைய பாவை முழுக்க உருவி எடுத்துவிடுவதில்லை. அச்சுச் சீப்பிலும் விழுதுக் கண்ணிகளிலும் கோத்த இழைகளின் வால் ஒரு முழம் போலத் தறியிலேயே தொங்கும். புதுப் பாவு வந்ததும், பழைய இழை ஒவ்வொன்றின் நுனியையும் புது இழை ஒன்றின் நுனியோடு சேர்க்க வேண்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. இடது கை விரல்கள் ஜோடியைப் பிடிக்கும். வலது கை சாம்பல் தொட்டு ஒரு திருகு திருகும். முடிச்சே கிடையாது. பார்த்தால் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். இழுத்துப் பார்த்தால் இழை வேறெங்காவது அறுமே தவிர அங்கே அறாது. ஆனால் ஒரே ஒரு இழை தாண்டிப் போனால், அதற்குப் பிறகு உள்ள அத்தனையும் அடுத்த வீட்டு இழையோடு ஜோடி சேர்ந்து நிற்கும். கடைசி இழைக்கு ஜோடி இல்லாமல் போகும்போதுதான் தெரியும். அதனால் வேலை நடக்கும்போது பேச மாட்டார். உதடு மட்டும் அசையும். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்.

தெரு முழுக்க அவரைப் பிணைப்பு அத்தை என்றுதான் கூப்பிடுகிறது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அத்தைதான். வயது ஐம்பத்து நாலு. கணவர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். இரண்டு கையும் முழங்கை வரை நீலம். அத்தை எவ்வளவு பேசாதவரோ அவர் அவ்வளவு பேசுவார். சாயத் தொட்டியோடு பேசுவார், அடுப்போடு பேசுவார், காயப்போட்ட நூல் காற்றில் ஆடினால் அதைக் கண்டிப்பார். இதைப் பற்றி யாராவது கேட்டால் அத்தை, "ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் பேச்சுன்னு அளந்து விட்டாங்க. அவரு முன்னாடி போய் வாங்கிக்கிட்டாரு" என்பார்.

ஒன்றரை நாள் ஒரு வீட்டில் முதுகு காட்டி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆளை வீட்டார் மறந்துபோகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் மரியாதையாக இருப்பார்கள். அப்புறம் அந்த வீடு தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடும். அத்தைக்குக் கண் இழையில் இருக்கும். காது எங்கும் இருக்கும். யாருக்கு முதலில் சாப்பாடு போடுகிறார்கள், யார் கூப்பிட்டால் யார் எழுந்து ஓடுகிறார்கள், படிக்கிற பெண்ணின் பாடப் புத்தகத்தை யார் பிடுங்கி வைக்கிறார்கள் எல்லாம் சத்தத்திலேயே தெரியும். ஒரு வீட்டில் மருமகள் தட்டில் சோறு போட்டவுடனே பானை மூடி விழுகிற சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குப் போடும்போது அந்த மூடி அவ்வளவு சீக்கிரம் விழவில்லை. கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்பது பிணைக்கிறவர்களின் கட்டுப்பாடு. அத்தை சொன்னதே இல்லை. கணவரிடம்கூட. அவரிடம் சொன்னால் சாயத் தொட்டிக்குத் தெரிந்துவிடும்.

கேட்டதெல்லாம் வெளியே வருவதற்கு அந்த நெசவாளர் குலம் ஒரே ஒரு வாசல் வைத்திருந்தது. பெண் கொடுக்கப் போகிற வீட்டார், மாப்பிள்ளை வீட்டுக்குத் தறி பார்க்க வருவார்கள். இரண்டு பக்கத்து உறவும் கூடத்தில் உட்காரும். குலச் சபையின் பெரியவர் நடுவில் இருப்பார். அந்த வீட்டில் வழக்கமாகப் பாவு பிணைக்கிறவரும் வர வேண்டும். தறிக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார வேண்டும். சுவாமி விளக்கை ஏற்றியதும், பெண்ணின் தாய் எழுந்து ஒரே கேள்வி கேட்பார்: "இந்த வீட்ல உட்காரலாமா?" பிணைக்கிறவர், "உட்காரலாம்" என்றால் சம்பந்தம் உறுதி. பேசாமல் இருந்தால் எல்லோரும் எழுந்து போக வேண்டியதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது. தனியாகப் போய் விசாரிக்கவும் கூடாது. நாலு பேர் முன்னால் கேட்டு நாலு பேர் முன்னால் சொன்னால்தான் பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

இருபத்தாறு வருஷத்தில் அத்தை மூன்று தடவை பேசாமல் இருந்திருக்கிறார். மூடி சீக்கிரம் விழுந்த வீடு அதில் ஒன்று. மற்ற எல்லா வீட்டுக்கும், "உட்காரலாம்" என்றார். அவர் சொல்லி வைத்த வீடுகளில் பெண்கள் பிள்ளை குட்டிகளோடு, சண்டை சமாதானத்தோடு இருந்தார்கள். தெருவில் அவர் நடந்து போனால் பெண்ணைப் பெற்றவர்கள் சட்டென்று வழிவிடுவார்கள். அது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவருக்கு மிகவும் பிடித்த வீடு நாலு தறி வீடு. தெருவிலேயே பெரிய வீடு; அவருக்கு வருஷத்தில் பாதி வேலை அங்கேதான். அந்த வீட்டு அம்மா தலை நரைத்தும் முதுகு வளையாதவர். கணவர் இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு கூலி நெசவாளர்கள். அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசி அத்தை கேட்டதில்லை. ஒரு பாத்திரம் உருண்டதில்லை. "அந்த வீட்ல உட்கார்ந்து எனக்கு ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பினது கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்த வீட்டு மூத்த மகனுக்குப் பெண் கேட்டு வந்தபோது அத்தை யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள், "தாராளமா உட்காரலாம்" என்றார். வழக்கத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருஷம் வெயில் காலத் தொடக்கத்தில், அதே வீட்டில் மூன்றாவது தறிக்குப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். வீட்டார் எல்லோரும் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மூத்த மகனின் மனைவியான பெரிய மருமகளை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் அவள் மெதுவாக வந்து, பாவுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். இழைகளுக்கு நடுவே அவள் முகம் கோடு கோடாகத் தெரிந்தது.

"அத்தை, நான் கொஞ்சம் பேசட்டுமா? நீங்க பதில் சொல்ல வேணாம். எண்ணிக்கை தப்பிடும்."

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். பெரியவள் பேச ஆரம்பித்தாள். குழாயடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருப்பதைச் சொன்னாள். சின்ன வயதில் தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றாள். கனவில் ஒரு கடை வைத்ததையும், அதில் என்ன விற்றோம் என்று விழித்ததும் மறந்துபோனதையும் சொன்னாள். எதிலும் ஒரு புகார் இல்லை. ஆனால் நிறுத்தத் தெரியாமல் பேசினாள். நாள்பட மூடிக் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்றும் துருவும் விட்டு விட்டு வருமே, அந்த மாதிரி சொற்கள் தடுக்கித் தடுக்கி வந்தன. அரை மணி நேரம் கழித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் வெட்கத்தோடு சிரித்து, "பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள்.

அத்தையின் விரல்கள் நின்றன. இருபத்தாறு வருஷத்தில் பிணைப்பின் நடுவே அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். எந்தப் பழக்கம் என்று கேட்டு, விவரமாகச் சொல்லச் சொன்னார்.

சொல்வதற்கு அதிகம் இல்லை. அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. வந்த நாளிலிருந்தே அப்படித்தான். மாமியாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "தாகமா இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார், தண்ணீர் போகும். கணவன், "சட்டை துவைக்கணும்" என்று கட்டிலிடம் சொல்வான், சட்டை துவைக்கப்படும். நூல், வேலை, வெளியூர்க் கடைக்காரர்கள் பற்றித் தாயும் மகன்களும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அவள் வந்தால் நிறுத்தவும் மாட்டார்கள், அவளைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைக்கூட ஒருவரும் சொல்லிக் காட்டியதில்லை. பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள். அடித்தார்களா என்று அண்ணன் கேட்டார். இல்லை. சோறு போடவில்லையா? போட்டார்கள். திட்டினார்களா? இல்லை. அப்புறம் என்னதான் குறை என்று கேட்டுவிட்டு, அவரே கொண்டுவந்து விட்டுப் போனார்.

"என்ன தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுக்கவாவது ஒரு சண்டை வரணும்ல அத்தை" என்றாள் பெரியவள்.

அத்தைக்கு எண்ணிக்கை போயிருந்தது. எந்த நூறில் நின்றார் என்று தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் முன்னூறு தடவையாவது உட்கார்ந்திருப்பார். பாத்திரம் உருளாத வீடு, குரல் உயராத வீடு என்று மெச்சியதெல்லாம் தன் தொழிலுக்கு வசதியாக இருந்ததைத்தான் என்று அவருக்கு அப்போது உறைத்தது. அமைதியான வீட்டில் எண்ணிக்கை தப்பாது. அதனால் அமைதியான வீடு நல்ல வீடு. இந்தத் தப்பைப் பிணைக்கிறவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. அதுவரை பிணைத்ததையெல்லாம் பிரித்து, முதல் இழையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

இது நடந்து மூன்று மாதத்தில், நாலு தறி வீட்டு இளைய மகனுக்குப் பெண் தேடி, தறி பார்க்க நாளும் குறித்தாயிற்று. தெருக்கோடியில் தார் சுற்றிப் பிழைக்கிற அம்மாவின் ஒரே மகள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னத் தார்க் குழலில் ஊடை நூலைச் சுற்றுவது தாயும் மகளும் சேர்ந்து செய்கிற வேலை. ராட்டினத்தின் சத்தத்தையும் மீறி மகளின் பேச்சு மூன்று வீடு தள்ளிக் கேட்கும். "சின்னதுல சீக்கிரமே பேசிட்டா. நிறுத்தத்தான் இன்னும் கத்துக்கல" என்று தாய் சொல்வார். தகப்பன் இல்லாத பெண்ணை நாலு தறி வீட்டில் கேட்டார்கள் என்றதும், அந்தத் தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தையைத் தெருவில் பார்த்தபோது, வழக்கப்படி எதுவும் கேட்காமல், கையை மட்டும் ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

தறி பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால், குழாயடியில் பெரியவள் அத்தையின் குடத்தை வாங்கித் தான் நிரப்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உட்காரலாம்னு சொல்லிடுங்க அத்தை. அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா பேசுமாமே."

குடம் நிரம்பி வழிந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. தனக்குத் துணையாக ஒருத்தி வந்தால் அடுக்களையில் இரண்டு குரல் கேட்கும், பாத்திரம் கழுவும்போது ஒருத்தி கழுவ ஒருத்தி பேசலாம் என்று பெரியவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். புதிதாக வருகிறவளை அந்த வீடு பேசாமல் ஆக்க நினைத்தாலும், தான் விடப்போவதில்லை என்றாள். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அத்தைக்குக் கனத்தது.

அந்த இரண்டு நாளும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. உட்காரலாம் என்று சொன்னால், தெரிந்தே இன்னொரு பெண்ணை அந்த வீட்டுக்குள் தள்ளுவதாகும். பேசாமல் இருந்தால், தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தள்ளிவிட்டவளை அங்கேயே தனியாக விட்டுவிடுவதாகும். கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கணவரிடம் பொதுவாக ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: ஒரு சொல் தப்பாகச் சொல்லிவிட்டால் அதை எப்படிச் சரி செய்வது?

சாயக்காரர் குச்சியால் நூலைத் திருப்பிக்கொண்டே, தனக்கே உரிய வேடிக்கையோடு பதில் சொன்னார். "எனக்கு நிறம் தப்பினா ஒரேயடியா கறுப்புல முக்கிடுவேன். யாருக்கும் தெரியாது. உனக்குத் தப்பினா எதுல முக்குறது?" சொல்லிவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் தொட்டியோடுகூடப் பேசவில்லை.

தறி பார்க்கிற நாள் காலையில் நாலு தறி வீட்டுக் கூடத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். நாலு தறியும் ஓடாமல் நின்றன. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். எதிரே பெண் வீட்டார். ஆள் பலம் இல்லாததால் அக்கம்பக்கத்துக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். நடுவே சபைப் பெரியவர். அடுக்களை வாசலில் பெரியவள் டீத் தம்ளர் தட்டோடு நின்றாள். அத்தை தறிக்குப் பின்னால் போய்த் தரையைத் தட்டி உட்கார்ந்தார்.

விளக்கு ஏற்றினார்கள். தார் சுற்றும் அம்மா எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வைத்ததைப் போல, "இந்த வீட்ல உட்காரலாமாக்கா?" என்றார். அக்கா என்பது வழக்கத்தில் இல்லை; பயத்தில் வந்துவிட்டது.

அத்தை பேசவில்லை. ஒருவர் இருமினார். மாப்பிள்ளையின் தாய்மாமா மேல்துண்டைச் சரி செய்தார். இன்னும் அத்தை பேசவில்லை. பெண்ணின் தாய்க்கு முகம் வெளிறிக்கொண்டு வந்தது. சபைப் பெரியவர் எழுந்திருப்பதற்காகக் கையைத் தரையில் ஊன்றினார்.

அப்போது அத்தை திரும்பி உட்கார்ந்தார். அந்தக் கூடத்தில் அவர் முகத்தைக் கூட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் இந்த வீட்ல முதுகைக் காட்டிக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாது. பெரிய மருமக உள்ள உட்கார்ந்திருக்கிறவ. அவகிட்ட கேளுங்க."

சபைப் பெரியவர், அப்படி ஒரு வழக்கம் இல்லையே அம்மா என்றார்.

"இல்லதான்" என்றார் அத்தை. "ஒன்பது வருஷம் முன்னாடி இதே இடத்துல நான் தப்பா சொல்லிட்டேன். அப்படிச் சொன்னா என்ன பண்றதுன்னும் வழக்கம் இல்ல."

நாலு தறி வீட்டு அம்மா குரலை உயர்த்தவில்லை. அவளிடம் கேட்க என்ன இருக்கிறது, இந்த வீட்டில் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதுண்டா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அது பொய் இல்லை. அவர் மனதார நம்பித்தான் சொன்னார். மூத்த மகன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்ணின் தாய் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி நேராக அடுக்களை வாசலுக்குப் போனார். பெரியவள் கையிலிருந்த தட்டு ஆடியது. தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சத்தம் யாரும் கேட்டதில்லை. தாய் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ சொல்லும்மா. என் பொண்ணு இங்க உட்காரலாமா?"

பெரியவள் அத்தையைப் பார்த்தாள். கோபமா கெஞ்சலா என்று அத்தைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. குழாயடியில் கேட்டதைக் கொடுக்காமல், முடிவை அவள் தலையிலேயே வைத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. பெரியவள் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். மூன்றாவது தடவை சொல் வந்தது.

"வேணாம்மா. வந்தா எனக்கு நல்லாயிருக்கும். அவளுக்கு இருக்காது."

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவ நல்லா பேசுறவ. பேசட்டும்" என்றாள்.

நாலு தறி வீட்டு அம்மா சுவரைப் பார்த்து, "டீ ஆறிப்போச்சு" என்றார். பெரியவள் வழக்கம்போலக் குனிந்து தட்டை எடுத்தாள். சுவரைப் பார்த்துச் சொன்ன அந்தச் சொல் எப்படி விழுகிறது, யார் மேல் விழுகிறது என்று எல்லோரும் முதன்முறையாகக் கண்டார்கள். விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. பெண் வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். போகும்போது தார் சுற்றும் அம்மா பெரியவளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சம்பந்தம் கலைந்தது.

பிணைப்பு அத்தை வழக்கத்தை உடைத்துவிட்டார் என்று சபை கூடியது. பாதிப் பேர், இனி அவரிடம் கேட்கக் கூடாது என்றார்கள். பாதிப் பேர், அவரைத் தவிர யாரிடம் கேட்பது என்றார்கள். அத்தையைக் கூப்பிட்டு என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, இனிமேல் தன்னைக் கேட்கிறவர்கள் அந்த வீட்டு மருமகள்களையும் சேர்த்துக் கேட்டால் மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். சபை இன்னும் முடிவு எதுவும் சொல்லவில்லை. சாயக்காரர் மட்டும் சந்தித்தவர்களிடமெல்லாம், தன் பெண்டாட்டி இருபத்தாறு வருஷப் பேச்சையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் செலவழித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

நாலு தறி வீட்டுக்கு இப்போது வேறொரு தெருவிலிருந்து பிணைக்க ஆள் வருகிறது. அத்தைக்குப் பாதி வேலை போயிற்று. வேலை இல்லாத நாட்களில் கணவரோடு சேர்ந்து நூல் பிழிகிறார். சாம்பல் நிறமாகவே இருந்த விரல் நுனிகளில் நீலம் ஏறியிருக்கிறது. இளைய மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. தார் சுற்றும் வீட்டுப் பெண் அதே தெருவில் அதே சத்தத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

அமாவாசையன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது. அன்று காலை அத்தை குளித்துவிட்டு நாலு தறி வீட்டுக்குப் போகிறார். யாரும் கூப்பிடுவதில்லை. உள்ளே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "பெரியவளே" என்று குரல் கொடுக்கிறார். போகச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடிந்து பேசிப் பழக்கமில்லாத வீடு. பெரியவள் முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். கல் பொறுக்கி முடிகிற வரைக்கும் பேச்சு ஓடும். முதல் அமாவாசையில் அவள் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தாள். தன்னைக் கேட்காமல் தன் தலையில் வைத்தது நியாயமா என்று கேட்டாள். அத்தை, நியாயம் இல்லை என்றார். பிறகு அவள் வேறொன்று சொன்னாள். தறி பார்க்க வந்துபோன அன்று மத்தியானம் கணவன் அடுக்களைக்கு வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டானாம்.

"என்னையே பார்த்துக் கேட்டாரு அத்தை. நானும் விடல. நல்ல சண்டை." அவள் முகம் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு சண்டை இரண்டு தடவை வந்திருக்கிறது. அதைச் சண்டை என்பதா பேச்சு என்பதா என்று இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு அமாவாசையன்று, இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் நிலைப்படியில் நாலு தறி வீட்டு அம்மா வந்து நின்றார். எதையோ தேடுகிறவர் போலக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். தேடியது கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். உள்ளே திரும்பிப் போகவில்லை. பெரியவள் பூனைக் குட்டிகள் வளர்ந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. முறத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து, தானும் நகர்ந்து, படியில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டார்.

அந்த அம்மா இன்றுவரை அதில் உட்காரவில்லை. அத்தை அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் உட்கார்கிறார்.